திறப்புக் கோர்வையைக் கையளிக்கும் முன்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு சங்கத்துக்குச் சொந்தமான மண்டபத்தில் 18 வருடமாக மேடைப் பொறுப்பாளராக இருக்கிறேன். ஒளி, ஒலி, திரை எல்லாம் என் கையில்தான். மனைவிக்குத் திருகோணமலைக்கு இடமாற்றம் கிடைத்து, பிள்ளைகளையும் அங்கேயே சேர்த்துவிட்டோம். அடுத்த மாத முடிவோடு விலகுவதாகக் கடிதம் கொடுத்துவிட்டேன். கடைசிக் கிழமை ஒரு பிள்ளையின் நடன அரங்கேற்றம் பதிவாகியிருக்கிறது. இரண்டு பெடியளிடம் பொறுப்பைக் கொடுக்கச் சொல்கிறார்கள். ஒருவன் கொம்பியூற்றரில் கெட்டிக்காரன், மற்றவன் தச்சுவேலை தெரிந்தவன். இருவரும் நல்லவர்கள்தான். ஆனாலும் இரவில் மண்டபத்தைப் பூட்டும்போது நெஞ்சு அடைக்கிறது. பிரியாவிடை வைக்கப்போகிறார்களாம், அதுவும் வேண்டாம் போலிருக்கிறது. என்ன செய்யலாம்?
— பெயர் வேண்டாம், நல்லூர்

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

18 வருடம் ஒரு மேடையைப் பார்த்தவருக்கு நெஞ்சு அடைக்காமல் இருந்தால்தான் யோசிக்கவேண்டும். அதை மறைக்கப் பாடுபடாதீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தபோது, பிரிவுத் துயரத்தோடு ஒரு பயமும் கலந்திருப்பது தெரிந்தது. எந்த விளக்கு எந்த வயரில், எந்த ஆளியைத் தட்டினால் இரைச்சல் வரும் என்பதெல்லாம் உங்கள் கைக்குத்தான் தெரியும், எங்கேயும் எழுதப்படவில்லை. ‘நான் போனால் என்ன ஆகும்’ என்ற கேள்வி அங்கேயிருந்துதான் வருகிறது. துயரத்துக்கு எங்களிடம் மருந்து இல்லை. பயத்துக்கு உண்டு: 200 பக்கக் கொப்பி ஒன்று, ஒரு பேனை, நான்கு கிழமை.

திறப்பில் தொடங்குங்கள். கோர்வையில் உள்ள ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்ட தகடு கட்டி, அதே இலக்கத்தைக் கொப்பியில் எழுதுங்கள். பூட்டின் குணத்தையும் பக்கத்திலேயே எழுதவேண்டும். பழைய மண்டபங்களில் மாரி மழைக்குக் கதவு ஊதி, தோளால் சற்று மேலே தூக்கிப் பிடித்தால்தான் திறப்புச் சுழலும் அறை ஒன்றாவது இருக்கும். உங்கள் தோள் அதை யோசிக்காமலே செய்யும். புதியவர் பலமாகத் திருகித் திறப்பை உள்ளேயே முறித்துவிடுவார், அதுவும் நிகழ்ச்சி தொடங்க அரைமணி இருக்கும்போது. அந்தப் பக்கத்தைச் சிவப்பு மையால் எழுதுங்கள். எண்ணிக்கையைச் சரிபார்த்து இரு தரப்பும் கையொப்பம் வையுங்கள். ஞாபகத்துக்கென்று ஒரு திறப்பையும் நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டாம். பின்னொரு நாள் ஏதாவது காணாமல் போனால் உங்கள் நல்ல பெயரும் சேர்ந்து இழுபடும்.

அடுத்தது ஒளி. இங்கேதான் அதிக நேரம் செலவாகும், செலவிடுங்கள். ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் இலக்கம். அதை மூன்று இடத்தில் ஒட்டுங்கள்: விளக்கின் உடலில், வயரின் முனையில், டிம்மர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும்) பெட்டியில். கடதாசி ரேப் எங்கள் வெக்கைக்கு ஆறு மாதத்தில் காய்ந்து விழும், துணி ரேப்பில் எழுதுங்கள். விளக்குப் பலகை ஒவ்வொரு பெட்டியையும் அதில் வைத்த தொடக்க இலக்கத்தால்தான் அறியும்; ஆறு வழி டிம்மர்களானால் முதற்பெட்டி 1இல், அடுத்தது 7இல், அதற்கடுத்தது 13இல் தொடங்கும். அந்தத் தொடக்க இலக்கத்தைப் பெட்டியின் மேலேயே எழுதிவிடுங்கள். யாராவது தூசி துடைக்கும்போது பெட்டியில் வைத்த இலக்கம் மாறுபட்டால், மேடையின் இடப்பக்கத்துக்குக் கேட்ட வெளிச்சம் வலப்பக்கத்தில் எரியும். காரணம் தெரியாத பெடியன் முழு வயரிங்கையும் கழற்றத் தொடங்குவான்.

மின்பாரக் கணக்கையும் எழுதுங்கள். 230 வோல்ற்றில் 1000 வாற்று ‘பார்’ (PAR) மேடை விளக்கு ஒன்று ஏறத்தாழ 4.3 அம்பியர் இழுக்கும். 10 அம்பியர் வழியில் இரண்டு தாங்கும், மூன்றாவதை மாட்டினால் 13 அம்பியர், பியூஸ் போகும். உங்களுக்கு மனக்கணக்கு, அவர்களுக்கு அது சுவரில் ஒட்டிய அட்டையாக வேண்டும். எல்ஈடி விளக்குகளை டிம்மர் வழியில் கொடுக்கக்கூடாது, டிம்மர் இல்லாத சாதாரண மின் இணைப்பில்தான் கொடுக்கவேண்டும் என்பதைத் தனியே எழுதுங்கள். டிம்மர் மின் அலையை வெட்டி வெட்டிக் கொடுப்பதால் அவை முதலில் சிமிட்டும், பிறகு உள்ளே இருக்கும் மின்சுற்று கருகும். கொம்பியூற்றர் தெரிந்த பிள்ளைதான் இந்தப் பிழையை முதலில் விடுவார். புதிய விளக்கு எங்கே மாட்டினாலும் வேலைசெய்யும் என்று நினைப்பார். ஸ்பொட் விளக்கின் ஹலோஜன் குமிழை வெறுங்கையால் தொடக்கூடாது என்பதையும் வாயால் சொல்வதோடு நிற்காதீர்கள், செய்து காட்டுங்கள். விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடம் மிதமிஞ்சிச் சூடேறிக் கண்ணாடி வெடிக்கும்.

ஒலிக்கு மூன்று ஒழுங்கு போதும். போடும்போது மிக்சர் (ஒலிகளைக் கலக்கும் பலகை) முதலில், அம்ப்ளிபயர் கடைசியில். நிற்பாட்டும்போது அம்ப்ளிபயர் முதலில். தலைகீழாகச் செய்தால் ‘டும்’ என்று ஓர் அடி வரும், அது ஒலிபெருக்கியின் சின்ன ஹோனைத் தின்னும். இரண்டாவது, டிம்மருக்கும் மிக்சருக்கும் ஒரே வழியில் மின் எடுக்கவேண்டாம். விளக்கைக் குறைக்கக் குறைக்க ஒலிபெருக்கியில் தேனீ இரைவதுபோல இரையும். அந்த இரைச்சலைப் போக்கப் பிளக்கின் எர்த் கம்பியை வெட்டுகிற பழக்கம் எங்கள் ஊர் மேடைகளில் இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான வேலை அது. ஈரக்கையோடு ஒலிவாங்கியைப் பிடிக்கிற பாடகர் மேல் மின் பாயலாம். இரண்டு பெடியளிடமும் இதற்கு வாக்கு வாங்குங்கள். மூன்றாவது, அரங்கேற்றத்தில் நட்டுவாங்கத்தின் ஒலிவாங்கி சொற்கட்டுச் சொல்லும் வாய்க்கு நேராக இருக்கட்டும், தாளத்தை அதிலிருந்து ஓர் அடி ஒன்றரை அடி கீழே பிடிக்கச் சொல்லுங்கள். தாளத்தின் கூர்மை ஒலிவாங்கியில் நேரே விழுந்தால் முன்வரிசைக்காரர் இரண்டு மணித்தியாலம் காதைப் பொத்திக்கொண்டு இருப்பார்கள்.

ஜெனரேட்டரைக் கிழமைக்கு ஒருமுறை 20 நிமிடமாவது பாரம் கொடுத்து ஓட்டவேண்டும். சும்மா ஓட்டினால் அது ஓடும் என்பது மட்டும்தான் தெரியும், தாங்குமா என்பது தெரியாது. டிஜிற்றல் மிக்சர் வைத்திருந்தால் அதற்குச் சின்ன யூபிஎஸ் (மின் போனாலும் சற்றுநேரம் மின் தரும் பற்றறிப் பெட்டி) ஒன்று கட்டாயம். மின் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில் மிக்சர் அணைந்தால், திரும்ப எழும்பும்வரை மேடையில் நிற்கிற பிள்ளை தனியே நிற்கும்.

இனிப் பழக்கம். முதற்கிழமை நீங்கள் செய்யுங்கள், அவர்கள் கொப்பியில் எழுதட்டும். அவர்களே எழுதினால்தான் எது விளங்கவில்லை என்று உங்களுக்குத் தெரியவரும். இரண்டாம் கிழமை அவர்கள் செய்ய, நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். மூன்றாம் கிழமை நீங்கள் சபையில், நடுவரிசைக் கதிரையில் இருங்கள். இது கஷ்டமான கிழமை. வெளிச்சம் இரண்டு விநாடி பிந்தும், கை துடிக்கும். எழும்பிப் போகாதீர்கள். ஆபத்தென்றால் மட்டும் போங்கள், மற்றதை நிகழ்ச்சி முடிந்தபிறகு, கலைஞர்கள் போனபிறகு, தனியே சொல்லுங்கள். இடையில் ஒருநாள் இருவரையும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கைலாசபதி கலையரங்குக்கோ யாழ்ப்பாணத் திருவள்ளுவர் கலாசார மையத்தின் 600 இருக்கை அரங்குக்கோ ஒரு நிகழ்ச்சி பார்க்க அனுப்பிவையுங்கள். உங்கள் மண்டபத்தில் எது அந்த இடத்துக்கே உரியது, எது பொதுவான தொழில் என்பது அப்போதுதான் அவர்களுக்குப் பிரிந்து தெரியும்.

பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. எழுதாமல் விட்டதே கவலையாக இருக்கிறது, ஏனென்றால் தொழிலை நேசிக்கிறவர்கள்தான் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலைசெய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசி மாதச் சம்பளத்தின் பாதி சேரும். நீங்களாக விலகினாலும் அது உண்டு. சம்பளம் 60,000 ரூபா என்றால் 30,000 பெருக்கல் 18, அதாவது 540,000 ரூபா. விலகி 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும். ஆட்கள் 15க்குக் குறைவென்றால் தொழில் அலுவலகத்தில் ஆலோசனை கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதியில் உங்கள் பங்கு 8 வீதம், சங்கத்தின் 12 வீதம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். அந்தப் பணம் பொதுவாக 55 வயதில்தான் கைக்கு வரும். முதலாளி 3 வீதம் கட்டும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியை வேலை விலகியவுடன் கேட்கலாம், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. சேவைச் சான்றிதழில் ‘ஊழியர்’ என்று மட்டும் போடவிடாதீர்கள். ஒளி, ஒலி, மேடை நிர்வாகம் என்று எழுதிக் கேளுங்கள், திருகோணமலையில் அது உதவும்.

தொலைபேசி பெரிய சிக்கல். 18 வருடமாக நட்டுவனாரும் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரும் பள்ளிக்கூட அதிபர்களும் மண்டபத்துக்கு எடுக்கவில்லை, உங்களுக்குத்தான் எடுத்திருப்பார்கள். மண்டபத்தின் பெயரிலேயே ஒரு சிம் வாங்கச் சொல்லி, பதிவுகளையும் வட்ஸ்அப் குழுக்களையும் அதற்கு மாற்றுங்கள். எவரிடம் எவ்வளவு முற்பணம் வாங்கியிருக்கிறது, எவருக்கு வாடகையில் கழிவு தருவதாக வாய்ச்சொல் கொடுத்திருக்கிறீர்கள் என்பதெல்லாம் இடாப்பில் ஏறவேண்டும். வாய்ச்சொல்தான் பின்னால் சண்டையாகும்.

பிரியாவிடையை மறுக்காதீர்கள். அது உங்களுக்காக மட்டும் வைப்பதல்ல. திரை இழுத்தவரும் கூட்டித் துடைக்கிற அக்காவும் வாசலில் பிளேன்ரீ கொண்டுவந்து தருகிறவரும் உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேறு இடமில்லை. நிகழ்ச்சி இல்லாத ஒரு பின்னேரத்தில், மேடையிலேயே, வட்டமாகக் கதிரை போட்டு வையுங்கள் என்று கேளுங்கள். பொன்னாடை, நீண்ட பேச்சு வேண்டாம் என்றும் முன்கூட்டியே சொல்லலாம். நீங்கள் பேசுவதானால் மூன்று நிமிடம், சங்கத்துக்கு ஒரு வரி, மிச்சமெல்லாம் கூட வேலைசெய்தவர்களின் பெயர்கள். அழுகை வந்தால் வரட்டும். எதையாவது ஞாபகத்துக்கு எடுத்துப்போக விரும்பினால் கேட்டு எடுங்கள். எரிந்துபோன ஒரு ஸ்பொட் குமிழ் போதும், எவரும் மறுக்கமாட்டார்கள்.

போனபிறகு மூன்று மாதம் மேடையின் பின்பக்கம் போகவேண்டாம். கேட்டால் தொலைபேசியில் பதில் சொல்லுங்கள், கேட்காததைச் சொல்லவேண்டாம். யாழ்ப்பாணம் வந்தால் ரிக்கற் எடுத்துச் சபையில் இருந்து பாருங்கள்.

அந்த அரங்கேற்றத்துக்கு வருவோம். விளக்கும் ஒலியும் அன்றைக்குப் பெடியளிடம். குத்துவிளக்குக்கு அடியில் மணல் பரப்பிய தட்டு வைத்தார்களா, புஷ்பாஞ்சலி முடிந்து அறிவிப்பாளர் பேசும் இடைவெளியில் பூவிதழ்களை உலர்ந்த துணியால் ஒதுக்கினார்களா என்று பாருங்கள், போதும். எண்ணெய்த் துளியும் நசிந்த இதழும் ஆடுகிற காலை வழுக்கும். ஒரேயொரு வேலையை மட்டும் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவேளையில் திரை விழுந்ததும் மேடை விளக்கை அணைக்கச் சொல்லி, ரோச் லைற்றைத் தரையில் படுக்கையாக வைத்து மெல்ல உருட்டுங்கள். மேலிருந்து அடித்தால் தெரியாத சலங்கை மணியும் ஊசியும் அப்போது நீண்ட நிழல் விழுத்தும். பெடியள் இருவரையும் இரண்டு பக்கமும் குந்தவைத்து, நிழலைப் பார்த்துப் பொறுக்கச் சொல்லுங்கள். வெளிச்சத்தை நீங்கள் பிடியுங்கள்.