தைபேய் வரும் தம்பிக்கு

"பிஎச்டிக்கு தைவான் தலைநகர் தைபேய் வருகிறேன். ரூம், சாப்பாடு எப்படி? அங்கிருக்கும் அரண்மனை அருங்காட்சியகத்து ஓவியங்களில் எல்லாம் ஒரே மலையும் பனியும்தான், போவது வீண் என்கிறார்களே?" என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி.

சாப்பாட்டுக்கு சீனியர்களைக் கேளுங்கள். ரூம் விஷயத்தில் ஒன்று மட்டும்: மொட்டை மாடியில் தகரம் போட்டுக் கட்டிய அறை மலிவாகக் கிடைக்கும், எடுக்காதீர்கள். ஜூலையில் வெந்துபோவீர்கள். நான் அருங்காட்சியகத்துக்குப் போக ஆரம்பித்ததே அங்கிருக்கும் ஏசிக்காகத்தான்.

வீண் என்று சொல்பவர்களை எனக்குத் தெரியும். நேராக, ஜேட் என்ற பச்சைக் கல்லில் செதுக்கிய முட்டைக்கோஸ் முன்னால் போய் செல்ஃபி எடுத்துவிட்டு, இந்தியன் ஸ்டோருக்குக் கிளம்பிவிடுகிற நம்மாட்கள். இத்தனை வருடம் ஆகியும் சாப்ஸ்டிக் பிடிக்க வராது. நான் இப்போது அதில் வேர்க்கடலையே எடுப்பேன், அது வேறு கதை.

சீன ஓவியர் ஃபான் குவான் சுமார் 1000-ஆம் ஆண்டில் பட்டில் வரைந்த மலை ஓவியம் அங்கே இருக்கிறது. இரண்டு மீட்டருக்கு மேல் உயரம். முக்கால்வாசி இடத்தை மலையே அடைத்துக்கொண்டு நிற்கும். கீழே வலது மூலையில் குனிந்து தேடுங்கள்: சுமை ஏற்றிய கோவேறு கழுதைகள், ஓட்டிப்போகும் ஆட்கள், எல்லாம் விரல் நக அளவு. பக்கத்து இலைகளுக்குள் ஓவியர் தன் பெயரையும் ஒளித்துவைத்திருக்கிறார். 1958-ல்தான் அருங்காட்சியக ஆய்வாளர் லீ லின்சான் அதைக் கண்டுபிடித்தார்.

மனிதனை இப்படி எறும்பாக்கலாமா என்று என் நண்பர் ஒருவர் சண்டைக்கே வருவார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மலை அந்த ஆட்களை மிரட்டவில்லை, அவர்களும் அண்ணாந்து பார்க்கவில்லை. கழுதை தடுக்கி விழாமல் போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கவலை. ரிசல்ட் வராமல், புரொஃபசர் முகம் கொடுக்காமல் திரிந்த நாட்களில் எனக்கு அந்தக் கழுதைக்காரர்களைப் பார்த்தால் போதும். அங்கே வழிகாட்டியாக இருந்த தாத்தா ஒருவர் என்னைக் கண்டாலே சிரிப்பார். இந்தப் பொக்கிஷங்களும் நம்மைப்போல வந்தேறிதான் என்பார். 1933-ல் ஜப்பான் படைக்குப் பயந்து பெய்ஜிங்கிலிருந்து பெட்டிபெட்டியாகக் கிளம்பி, சீனா முழுக்க அலைந்து, உள்நாட்டுப் போர் முடியும் சமயத்தில் கப்பலேறி இங்கே வந்தவை. பிறகு பையிலிருந்து அன்னாசிக் கேக் எடுத்துத் தருவார்.

பழைய பட்டு வெளிச்சம் தாங்காது என்பதால் அந்த ஓவியத்தை எப்போதாவதுதான் வெளியே மாட்டுவார்கள். வெப்சைட்டில் பார்த்துவிட்டுப் போங்கள். கடையில் விற்கும் சின்னப் பிரதியை வாங்காதீர்கள், அதில் கழுதை தெரியாது. திங்கட்கிழமை விடுமுறை.