வீட்டில் கட்டும் படகுக்குப் பலகையும் ரெசினும் வாங்குவது எப்படி?

பிளைவுட்டையும் ஃபைபரையும் (ரெசின் என்ற இறுகும் திரவத்தில் நனைத்த கண்ணாடி இழை) கொண்டு வீட்டு முற்றத்திலேயே சிறு படகு கட்டுவது பற்றிச் சில மாதங்களாகத் தொடர்ந்து கேள்விகள் வருகின்றன. அவற்றுள் பொருள் வாங்குவது தொடர்பானவற்றுக்கு இங்கே விடை தருகிறேன்.

கேள்வி (கடலூர் வாசகர்): உப்பனாற்றில் துடுப்புப் போட்டுச் செல்ல 12 அடி நீளத்தில் ஒரு படகை நானே கட்ட விரும்புகிறேன். 6 மி.மீ. பிளைவுட்டுக்குக் கடைக்காரர் மூன்று விலை சொல்கிறார். மூன்றுமே ‘வாட்டர்ப்ரூஃப்’ என்கிறார். மேலே ஃபைபர் போட்டு மூடத்தானே போகிறேன், உள்ளே எந்தப் பலகை இருந்தால் என்ன?

பதில்: ஃபைபர் போட்டுவிட்டால் பலகைக்குத் தண்ணீரே படாது என்ற எண்ணத்தில்தான் பலர் மலிவான பலகையை வாங்குகிறார்கள். படகு மணலில் இழுபடும், கல்லில் உரசும், திருகாணி போட்ட இடத்தில் ஒரு துளை சரியாக அடைபடாமல் இருக்கும். அந்த ஒரு வழியாக உள்ளே போன தண்ணீர், இருபுறமும் ஃபைபர் மூடியிருப்பதால், எளிதில் வெளியேறி உலர முடியாமல் பலகைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. திறந்திருக்கும் பலகையைவிட மூடிய பலகை சீக்கிரம் உளுத்துப்போவது இதனால்தான். எனவே, உள்ளே இருக்கும் பலகை தன் சொந்த வலிமையிலேயே ஈரத்தைத் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

‘வாட்டர்ப்ரூஃப்’ என்பது கடை வழக்கு. அதற்குத் தர அளவு எதுவும் இல்லை. பலகையின் மேல் அச்சிட்டிருக்கும் ஐஎஸ் (இந்தியத் தர அளவு) எண்ணைப் பாருங்கள். ஐஎஸ் 303 என்பது அலமாரி, கட்டில் முதலிய பொதுப் பயன்பாட்டுக்கான பிளைவுட். ஐஎஸ் 710 என்பதே மரைன் பிளைவுட். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்த பிறகும் அதன் அடுக்குகள் பிரியக் கூடாது என்பதும், மரத்தாள்கள் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எதிராக மருந்தூட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதும் அந்தத் தர அளவின் விதிகள். ஐஎஸ்ஐ முத்திரையின் மேலே இந்த எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற அரசுச் செயலியில் அந்த உரிம எண்ணை இட்டால், உரிமம் யாருக்கு, எந்தப் பொருளுக்குத் தரப்பட்டது, இன்றும் நடப்பில் உள்ளதா என்பது கடையில் நின்றபடியே தெரிந்துவிடும். ‘710 கிரேடு’, ‘மரைன் டைப்’ என்று மட்டும் அச்சிட்டு உரிம எண் இல்லாத பலகைக்கு மரைன் விலை கொடுக்காதீர்கள்.

முத்திரை சரியாக இருந்தாலும் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம் என்பது என் அனுபவம். ஒரு முறை, 710 என்று தெளிவாக அச்சிட்ட ஒரு பலகையை வாங்கி வந்து, மூன்று அங்குலத் துண்டு ஒன்றை வெட்டி, சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய பாத்திரத்தில் கல்லை மேலே வைத்து மூழ்கடித்துக் கொதிக்க வைத்தேன். தண்ணீர் வற்ற வற்ற ஊற்றிக்கொண்டே இருந்தேன். நான்கு மணி நேரத்தில் தண்ணீர் கடுந்தேநீர் நிறத்துக்கு வந்தது. ஆறாவது மணியில் துண்டின் ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. வெளியே எடுத்து இரு விரலால் திருகியபோது, நடு அடுக்கு நனைந்த அட்டையைப் போலத் தனியே கழன்று வந்தது. அந்தக் கடைக்காரர் முதலில் மறுத்தாலும், துண்டையும் ரசீதையும் மேசை மேல் வைத்த பிறகு மீதிப் பலகைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஆகவே நான்கு பலகை தேவையென்றால் முதலில் ஒன்றை மட்டும் வாங்குங்கள். நாளுக்கு எட்டு மணி நேரம் வீதம் இரண்டு மூன்று நாள் கொதிக்க வைத்துப் பாருங்கள். தேறினால் அதே தொகுப்பிலிருந்து மற்றவற்றை வாங்குங்கள்.

பலகையின் நான்கு ஓரங்களையும் வெளிச்சத்தில் பார்ப்பது அடுத்த வேலை. 6 மி.மீ. பலகையில் ஐந்து அடுக்கு இருப்பது நல்லது. மூன்றே அடுக்கும் நடுவில் தடித்த உள்தாளும் உள்ள பலகை, படகின் முகப்பை நோக்கி வளைக்கும்போது ஒரு பக்கம் வளைந்து மறு பக்கம் முறியும். உள்தாள்கள் ஒன்றோடொன்று முட்டாமல் விட்ட இடைவெளி ஓரத்தில் சிறு பொந்தாகத் தெரியும். அந்தப் பொந்து பலகையின் உள்ளே நெடுகப் போகும் வாய்ப்பு உண்டு. எட்டடிப் பலகையில் 12 அடிப் படகு கட்ட இரண்டு பலகைகளைச் சாய்வாகச் சீவி ஒட்ட வேண்டியிருக்கும். தடிமனைப் போல் எட்டு மடங்கு, அதாவது 6 மி.மீ. பலகைக்கு 48 மி.மீ. நீளச் சாய்வு. அந்தச் சாய்வில் ஒரு பொந்து வந்தால் மூட்டு அங்கேதான் விட்டுப்போகும். ஒரு வெர்னியர் அளவுகோலையும் கையோடு கொண்டு போங்கள். 6 மி.மீ. பலகையில் 5 சதவீதம் வரைதான் கூடலாம், குறையலாம், 5.7 மி.மீ.க்குக் கீழே இருந்தால் அந்த விலைக்கு உரிய பொருள் அது ஆகாது.

கேள்வி (தூத்துக்குடி வாசகி): என் தம்பி பிளைவுட் படகு ஒன்று கட்டுகிறான். பாலியெஸ்டர் ரெசினைவிட எபாக்சி ரெசின் பல மடங்கு விலை. ‘நம்மூர் ஃபைபர் படகு எல்லாம் பாலியெஸ்டர் ரெசினில்தான் செய்கிறார்கள், கடலிலேயே தாங்குகிறது’ என்று கடைக்காரர் சொல்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்: அவர் சொல்லும் செய்தி உண்மை, அது உங்கள் தம்பியின் படகுக்குப் பொருந்தாது. கரையில் நாம் பார்க்கும் ஃபைபர் படகுகள் அச்சில் வார்க்கப்படுபவை. அச்சுக்குள் ஜெல்கோட் (வெளித்தோலாக அமையும் ரெசின் பூச்சு) பூசி, அதன் மேல் மேட்டும் (வெட்டிய கண்ணாடி இழைகளைப் பசையால் சேர்த்த விரிப்பு) ரோவிங்கும் (தடித்த கண்ணாடி இழையில் நெய்த துணி) அடுக்கி, பாலியெஸ்டர் ரெசினால் நனைத்து எடுக்கிறார்கள். அங்கே ரெசின் கண்ணாடி இழையையும், ஓர் அடுக்கு அடுத்த அடுக்கையும் பிடித்தால் போதும்; அதைப் பாலியெஸ்டர் நன்றாகவே செய்கிறது. பிளைவுட் படகில் ரெசின் மரத்தைப் பிடிக்க வேண்டும். மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். இறுகிய பாலியெஸ்டர் விறைப்பானது; மரத்தின் அந்த அசைவுக்கு ஈடுகொடுக்க முடியாமல் மெல்ல மெல்லப் பிடியை விடும். சில ஆண்டுகளில் ஃபைபர் தோல் பலகையிலிருந்து தகடாக உரிந்து வருவதைப் பழைய படகுகளில் பார்க்கலாம். எபாக்சி மரத்தின் துளைகளில் ஊறிப் பிடிக்கிறது. அது இறுகிய பிறகு உரித்தெடுக்க முயன்றால் மரத்தின் நாரும் சேர்ந்தே பெயரும்.

பாலியெஸ்டரில் பிளைவுட் படகே கட்ட முடியாது என்று சொல்வதும் நியாயமாகாது. 1963-இல் பிரிட்டனில் வெளிவந்த மிரர் என்ற சிறு பாய்மரப் படகு, பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து மூட்டுகளில் ஃபைபர் நாடா ஒட்டும் முறையில், பல்லாயிரக்கணக்கில் வீடுகளிலேயே கட்டப்பட்டது. அதன் தொடக்கக் கட்டுமானத் தொகுப்புகளில் இருந்தது பாலியெஸ்டர்தான். ஆனால் அங்கே மூட்டுகளுக்கு மட்டுமே நாடா. படகும் ஓட்டி முடித்ததும் தண்ணீரிலிருந்து தூக்கிக் கொட்டகையில் உலர வைக்கப்படும் வகை. நம் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்திலும் கேரளத்தின் தென்கரையிலும் 1980-களில் மீனவர்களுக்காகப் பிளைவுட் படகுகள் கட்டத் தொடங்கினார்கள். நம் கடலின் சூட்டிலும் உப்பிலும் நாள்தோறும் கரையேறி இறங்கும் படகுக்குப் பலகையும் பசையும் எவ்வளவு முக்கியம் என்பதை அந்த ஊர்ப் பட்டறைக்காரர்களிடம் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள்.

எனவே எபாக்சியே வாங்குங்கள். விலை வலிக்கிறதென்றால் அலங்காரத்தையும் உள்பக்க ஃபைபரையும் குறையுங்கள். உள்பக்கத்துக்கு எபாக்சிப் பூச்சு மட்டும் மூன்று முறை போதும்.

வாங்கும்போது இன்னொரு தவறும் நடக்கிறது. எபாக்சியைக் கொடுத்துவிட்டு, கூடவே வழக்கமான மேட்டையும் சுருட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். மேட்டின் இழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பசை, பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பானில் கரைவதற்காகவே ஆனது. எபாக்சியில் ஸ்டைரீன் இல்லாததால் பெரும்பாலான மேட்டுகள் இளகாமல் விறைத்து நிற்கும். ரெசினையும் வாரிக் குடிக்கும். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள நெய்த கண்ணாடித் துணியைக் கேட்டு வாங்குங்கள். ரெசின் ஊறியதும் அது கண்ணுக்கே தெரியாமல் மறைந்துவிட வேண்டும். எங்காவது வெள்ளையாகத் திட்டுத் தெரிந்தால் அங்கே ரெசின் போதவில்லை, அல்லது காற்று சிக்கியிருக்கிறது.

கையுறை வாங்க மறக்க வேண்டாம். எபாக்சி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கத் தொடரும்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): நண்டு பிடிக்கச் செல்லும் என் சிறு படகின் அடிப்பகுதிக்கு உதிரியாகப் பாலியெஸ்டர் ரெசின் 10 கிலோ வாங்கினேன். இரண்டு நாள் ஆகியும் பிசுபிசுப்பு போகவில்லை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று ரசீதிலேயே அச்சிட்டிருப்பதாகக் கடைக்காரர் கைவிரிக்கிறார். பிழைப்புக்காக வாங்கியதால் நான் நுகர்வோரே இல்லை என்றும் சொல்கிறார்.

பதில்: கடைசியிலிருந்து தொடங்குகிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சுயதொழில் மூலம் தன் வாழ்வாதாரத்தை ஈட்டுவதற்காகவே ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள் ‘வணிக நோக்கம்’ என்பதில் அடங்காது. நீங்கள் நுகர்வோர்தான். குறையுள்ள பொருளை, ரசீதில் சொன்ன காலத்துக்குள்ளோ, காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள்ளோ, திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை அதே சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. ரசீதில் அச்சிட்ட ஒரு வரியைக் காட்டி, குறையுள்ள பொருளுக்கான பொறுப்பிலிருந்து கடைக்காரர் நழுவ முடியாது.

ஆனால் குறை பொருளில்தான் என்பதை நீங்கள் காட்ட வேண்டும். கடைக்காரர் முதலில் கேட்கப்போவது, ‘எவ்வளவு கேட்டலிஸ்ட் (ரெசினை இறுகச் செய்யும் திரவம்) ஊற்றினீர்கள்?’ என்பதே. மீதி ரெசினில் 100 கிராமைக் காகிதக் கோப்பையில் எடுத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவில் (வழக்கமாக 1 முதல் 2 சதவீதம்) கேட்டலிஸ்ட் சேர்த்து, நேரத்தைக் குறித்து, காணொலி எடுங்கள். நம் வெயிலில் கோபால்ட் (இறுகுவதை விரைவுபடுத்தும் கலவை) கலந்த நல்ல ரெசின் ஒரு மணி நேரத்துக்குள் கெட்டித்துவிடும். கெட்டிப்படாவிட்டால், வேறு கடையில் வாங்கிய புதிய கேட்டலிஸ்ட்டில் ஒரு முறை செய்யுங்கள். எது கெட்டது என்பது அப்போது பிரிந்து தெரியும். பாலியெஸ்டர் ரெசின் சில மாதங்களே தாங்கும் பொருள். சூட்டில் இன்னும் சீக்கிரம் கெடும். சில ரெசின்களில் கோபால்ட் முன்பே கலந்திருக்கும், சிலவற்றில் நாம் கலக்க வேண்டும். அதைக் கடைக்காரர் சொல்லாமல் விட்டிருந்தாலும் இந்த நிலை வரும். கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள். தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட்.

மீதி ரெசினை அதே டப்பாவில் மூடி வைத்துக்கொண்டு, பணத்தைக் கேட்டுப் பதிவு அஞ்சலில் கடைக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். விடை இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். தேவைப்பட்டால் ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும்.

உதிரி ரெசினில் இருக்கும் சங்கடத்தையும் சொல்ல வேண்டும். பெரிய பீப்பாயிலிருந்து பழைய கேனில் ஊற்றித் தரும் ரெசினுக்குத் தயாரிப்பு மாதமும் தொகுப்பு எண்ணும் கிடையாது. வழக்கு என்று வந்தால் எது, எங்கிருந்து வந்தது என்று காட்டுவது கடினம். ஆலை மூடிய டப்பாவாக வாங்குங்கள். கேட்டலிஸ்ட்டைப் பழைய குடிநீர்ப் பாட்டிலில் ஊற்றித் தந்தால் எந்தக் காரணம் கொண்டும் வாங்க வேண்டாம். தண்ணீரைப் போலவே தெளிவாக இருக்கும் அதைப் பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிட்டால் தொண்டையும் குடலும் வெந்துபோகும்.

படகின் மேல் உள்ள பிசுபிசுப்பைச் சுரண்டி எடுத்துத் துடைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதன் மேலேயே இன்னொரு பூச்சுப் போட்டு மூடாதீர்கள்.

கேள்வி (பழவேற்காடு வாசகர்): 12 அடிப் படகுக்கு மொத்தம் எவ்வளவு பொருள் வாங்க வேண்டும்?

பதில்: வரைபடத்தைப் பொறுத்தது. தட்டையான அடியுள்ள எளிய படகுக்கு 8-க்கு 4 அடி அளவில் 6 மி.மீ. பலகை மூன்று அல்லது நான்கு. ஒன்று ஏறத்தாழ 12 கிலோ. வெளிப்புறம் முழுவதும் மூட 8 சதுர மீட்டர் துணி, மூட்டுகளுக்கு நாடா தனி. எபாக்சியும், அதை இறுகச் செய்யும் ஹார்டனரும் சேர்த்து 8 முதல் 10 கிலோ. ஹார்டனர் விகிதம் எடையிலா கொள்ளளவிலா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்; எடை என்றால் ஒரு சமையலறை மின்தராசும் வேண்டும். ஹார்டனரைக் கூட ஊற்றினால் வேகமாக இறுகும் என்பது பாலியெஸ்டரிலிருந்து வந்த பழக்கம். எபாக்சியில் அது கலவையைக் கெடுத்துவிடும். வெயிலில் எபாக்சி மஞ்சளித்துப் பொடியும் என்பதால் மேலே போட பெயின்ட்டுக்கும் பணம் ஒதுக்குங்கள்.

கேள்வி (அதே வாசகர்): மிதவைக்காக இருக்கையின் கீழ் தெர்மாகோல் வைத்து மேலே ஃபைபர் போடலாமா?

பதில்: எபாக்சி என்றால் போடலாம். பாலியெஸ்டர் என்றால் அதன் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கண்ணெதிரே கரைத்துக் குழியாக்கிவிடும். எதில் கட்டினாலும் தெர்மாகோல் வைத்த அந்த இருக்கைப் பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளையும் அதற்கு ஒரு மூடியும் வையுங்கள்.