எங்கம்மையும் அவங்க அக்கா பெரியம்மையும் ரெட்டை, ஆனா சுகர் ஒருத்தருக்கு மட்டும்தான்

"வயசான ரெட்டையர்களோட பேரப் பதிஞ்சு வச்சு வருசக்கணக்கா பாத்துட்டு வாறாங்களே, அதுல நோயப் பத்தி அப்படி என்ன தெரிஞ்சிரும்"னு கேட்டிருக்கீங்க. நான் டாக்டர் இல்ல, ஆனா எங்கம்மை ரெட்டைப் பிள்ளைல ஒண்ணு, அதனால இதத் தேடித்தேடி படிச்சிருக்கேன்.

சின்னதுல ரெண்டு பேரும் அச்சு அசலா ஒண்ணு போல இருப்பாங்களாம், பால் குடிச்ச பிள்ளைக்கே திரும்பவும் குடுத்துரக் கூடாதுன்னு ஆச்சி ஒண்ணோட கைல மட்டும் கருப்புக் கயிறு கெட்டி வச்சிருந்தாவளாம். பெரியம்மையக் கல்லிடைக்குறிச்சில வயக்காடு உள்ள வீட்ல குடுத்தாங்க, அம்மைய முக்கூடல் பக்கம். இங்க வந்ததும் பீடித்தட்டு மடில ஏறிட்டு. இலைய வெட்டி, தூள வச்சு சுருட்டி, நூலச் சுத்தி, ஆயிரம் எண்ணி முடிக்கிற வரைக்கும் குனிஞ்ச தலை நிமிராது, 35 வருசம் இப்படியே போச்சு. பெரியம்மை நடவு, களையெடுப்பு, ஆத்துக்கு நடந்து போயி குளிச்சு துவைச்சு வாறதுன்னு கால் ஓயாத ஆளு. அம்மைக்கு 46 வயசுல சுகர் வந்துட்டு. பெரியம்மைக்கு இப்ப 66, போன மாசம் கூட டெஸ்ட் எடுத்தாச்சு, சுகர் இல்ல.

இத வச்சு உக்காந்தே இருந்ததுதான் காரணம்னு சொல்லிர முடியாது, ஒரே ஒரு சோடிதான. ஆயிரக்கணக்கான சோடி வேணும், அதுக்குத்தான் பதிவேடு. ஒரே கருவுல பிரிஞ்ச ரெட்டைக்கு ஜீன் ஒண்ணுதான், தனித்தனிக் கருவுல வந்த ரெட்டைக்கு சாதாரண அக்கா தங்கச்சி மாதிரி சராசரியா பாதிதான் ஒத்துப்போவும். ஒரு நோய் முதல் வகைல ரெண்டு பேருக்கும் வாறது அதிகமா இருந்து ரெண்டாவது வகைல கொறைவா இருந்தா அங்க ஜீனுக்குப் பங்கு இருக்குன்னு அர்த்தம். ஒரே ஜீன் இருந்தும் ஒருத்தருக்கு வந்து இன்னொருத்தருக்கு வரலன்னா, வாழ்ந்த வாழ்க்கைலதான் காரணத்தத் தேடணும். எனக்கு இதுதான் பெரிய விசயமாப் படுது.

டென்மார்க்ல 1954லயே இந்தப் பதிவேட ஆரம்பிச்சுட்டாங்க. அங்க 1870ல இருந்து 1900 வரைக்கும் பொறந்த ரெட்டையர்கள் எத்தன வயசு வரை இருந்தாங்கன்னு பாத்ததுல, ஆயுசுல கிட்டத்தட்ட கால்வாசி வித்தியாசத்துக்குத்தான் ஜீன் காரணம்னு வந்துது. ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து மூணு நாட்டுலயும் சேத்து 44,788 சோடியப் பாத்து 2000ல வந்த கேன்சர் ஆய்வுல, மார்பகப் புற்றுநோய்க்குப் பரம்பரைப் பங்கு 27 சதவீதம்னு கணக்கு. அப்ப ஜீன்தான் எல்லாம்னு இல்ல. ஆனா எங்கம்மைக்கு சுகர்னு தெரிஞ்ச அன்னைக்கு "உங்க குடும்பத்துலயே இருக்கும், வந்துதான் தீரும்"னு ஒரு கிளினிக்ல சொல்லி அனுப்பினாங்க, அதோட மருந்த ஒழுங்கா சாப்பிடுறதயே அம்மை விட்டுட்டாங்க. அந்த வார்த்தைய மட்டும் யாரும் யாருக்கும் சொல்லாதீங்க.

என்னய ரொம்ப ஆட்டினது இன்னொண்ணு. டென்மார்க்ல 70 வயசு தாண்டின 1,826 ரெட்டையர்களோட முகத்தப் போட்டோ எடுத்து, நர்சுகள்ட்ட காமிச்சு என்ன வயசு இருக்கும்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் ஏழு வருசம் பாத்துட்டு வந்தா, சோடில வயசானவங்களாத் தெரிஞ்சவங்கதான் பெரும்பாலும் முதல்ல இறந்திருக்காங்க. கல்யாண வீடுகள்ல எங்கம்மையத்தான் எல்லாரும் மூத்தவன்னு நினைச்சு முதல்ல கையப் பிடிக்கிறாங்க, பெரியம்மைதான் முன்னாடி பொறந்தவங்க. அதப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

இலங்கைல கூட இப்படி ரெட்டையர் பதிவேடு இருக்கு. நம்ம நெல்லைச் சீமைலயும் ஒண்ணு வரணும்னு எனக்கு அவ்ளோ ஆசை, பீடி, வயல், உப்பளம்னு ஒரே வீட்ல பொறந்து வேற வேற வேலைக்குப் போன ரெட்டையர்கள் இங்க எத்தன பேர் இருப்பாங்க! வீட்ல இதச் சொன்னேன். பெரியம்மை "எம்புட்டு ரத்தம் எடுப்பாவ"ன்னு மட்டும் கேட்டாங்க. அம்மை தட்ட இறக்கி வச்சுட்டு "ரெண்டு பேரும் ஒரே நாள்ல போவோம் அக்கா"ன்னாங்க.