வள்ளலா, வீட்டுக்காரரா?

கேள்வி: ரயிலில் பத்திரிகை விற்ற பையன் ஹியூ சிஸம், பிறகு அமெரிக்காவின் காகித அதிபர் ஆனார். ரம்ஃபோர்டு என்ற ஆலை நகரையே உருவாக்கி, தொழிலாளர்களுக்குச் செங்கல் வீடுகளும் கட்டினார். அப்படி ஒரு வள்ளல் நம் தாமிரபரணிக் கரைக்கு ஏன் வாய்க்கவில்லை?
(ஒரு வாசகர், விக்கிரமசிங்கபுரம்)

பதில்: விக்கிரமசிங்கபுரத்தில் உட்கார்ந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்? மெய்ன் மாநிலத்து ரம்ஃபோர்டு அருவியை 1882இல் பார்த்த சிஸத்துக்குக் குளிக்கத் தோன்றவில்லை, ஆலை ஓட்டத் தோன்றியது. அதே 1880களில்தான் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் அருவித் தண்ணீரை நம்பி உங்கள் ஊரில் நூல் மில் வைத்தார்கள். அவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள், சிஸத்தின் பூர்வீகமும் ஸ்காட்லாந்துதான். ஆக, வாய்த்தது.

சிஸம் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. நிலம் வாங்கினார், ரயில் பாதை கொண்டுவந்தார். 1898இல் பதினேழு பதினெட்டு ஆலைகளை ஒன்றாக்கி இன்டர்நேஷனல் பேப்பர் கம்பெனி உருவானதில் அவர் கை பெரியது. அப்புறம் ரம்ஃபோர்டில் ஆக்ஸ்ஃபோர்டு பேப்பர் கம்பெனி. அமெரிக்கத் தபால் கார்டுகளுக்கான அட்டை அங்கேதான் தயாரானது.

சரி, வீடுகளுக்கு வருவோம். 1902 வாக்கில் எழுந்த அந்தக் குடியிருப்புக்குத் தன் முன்னோர் மண்ணின் பெயரையே வைத்தார்: ஸ்ட்ராத்கிளாஸ் பார்க். வடிவமைத்தவர் காஸ் கில்பர்ட். பின்னாளில் நியூயார்க்கின் வுல்வொர்த் கட்டடத்தை வரைந்தவர். இரண்டு குடும்பங்கள் ஒட்டி வாழும் செங்கல் வீடுகள், கற்பலகைக் கூரை. இன்றும் நிற்கின்றன. ஆனால் கொடுத்தது வாடகைக்கு. பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்துவிட்டு மாத வாடகை கேட்கவில்லை, ஐயா! காட்டு நடுவே ஆலை வைத்தவருக்கு, குடும்பத்தோடு தங்கி நாளைக்கும் ஷிஃப்டுக்கு வரும் ஆள் வேண்டும். நல்ல வியாபாரம், அப்படியே பாராட்டுங்கள். ஹார்விகள் தங்கள் மில் தொழிலாளர்களுக்காக அமைத்த மதுரை ஹார்விபட்டிக்கும் இதே கணக்குதான்.

அந்த ஹார்விகளின் தூத்துக்குடி கோரல் மில்லில் 1908இல் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டார்கள். முதலாளி மனமிரங்கித் தரவில்லை, வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நிற்க, வேலைநிறுத்தம் செய்துதான் வாங்கினார்கள்.

உங்கள் ஊரிலேயே மில் குவார்ட்டர்ஸில் இருந்த பெரியவர் யாரையாவது கேளுங்கள். வீடு எப்படி இருந்தது என்று கேட்க வேண்டாம். ரிட்டயர் ஆன மறுமாதம் எங்கே குடியிருந்தீர்கள் என்று கேளுங்கள்.