ஏழை என்று எழுதிக்கொண்டால்தான் பள்ளிக்கூடமா?

வணக்கம். தாடியஸ் ஸ்டீவன்ஸ் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இலவசப் பள்ளிகளைக் காப்பாற்றினார் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே 1809-லேயே ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பு உண்டே? 1835-ல் காப்பாற்ற என்ன இருந்தது?

– வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உண்டு. ஆனால் அது எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள். வரி மதிப்பீட்டு அலுவலர் ஊருக்குள் வருவார். கட்டணம் கட்ட வழியில்லாத வீடுகளில் 5 முதல் 12 வயதுவரை உள்ள பிள்ளைகளின் பெயரைப் பட்டியலில் ஏற்றுவார். பட்டியலில் இருக்கும் பிள்ளை பக்கத்துப் பள்ளியில் சேரலாம், ஆசிரியருக்குக் கவுன்ட்டி (மாவட்ட நிர்வாகம்) பணம் கட்டும். 'இந்த வீட்டுக்கு வக்கில்லை' என்பது ஊரறியப் பதிவாகிவிடும். அதற்குக் கூசியே பலர் பிள்ளையை அனுப்பவில்லை.

1834 சட்டம் வரியும் மாநில நிதியும் சேர்ந்து நடத்தும் பொதுப் பள்ளியைக் கொண்டுவந்தது. அதில் எல்லாரும் படிக்கலாம், யாரும் ஏழை என்று எழுதிக்கொள்ள வேண்டாம். வரி போடுவதா என்பதை அந்தந்த வட்டாரமே தீர்மானிக்கலாம், மறுத்தால் மாநில நிதி கிடைக்காது. இவ்வளவு தளர்வான சட்டத்துக்கே பெரும் எதிர்ப்பு. தேவாலயப் பள்ளிகளை வைத்திருந்த ஜெர்மானியக் குடியானவர்களுக்கு அது இரட்டைச் செலவு. மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான செனட், சட்டத்தை ரத்து செய்து பழைய பட்டியலுக்கே திரும்பும் மசோதாவைக் கீழவைக்கு அனுப்பியது.

1835 ஏப்ரல் 11 அன்று ஸ்டீவன்ஸ் எழுந்தார். கெட்டிஸ்பர்க்கில் வக்கீல், கீழவையில் ஆடம்ஸ் கவுன்ட்டியின் உறுப்பினர். அவருடைய தொகுதி மக்களே ரத்தைத்தான் கேட்டார்கள். 'ஏழைகளைப் பணக்காரரிடமிருந்து பிரித்துக் காட்டச் சூடு போடும் சட்டம்' என்று மசோதாவுக்குப் பெயர் மாற்றுங்கள் என்றார். அடுத்தவன் பிள்ளைக்கு நான் ஏன் வரி கட்டவேண்டும் என்றவர்களுக்கு அவர் சொன்ன பதில் அசல் வக்கீல் பதில்: நேர்மையான குடியானவர் நீதிமன்றத்துக்கும் சிறைச்சாலைக்கும் சிறைக்காவலருக்கும் வரி கட்டுகிறார். அவற்றைத் தனக்கென்று ஒருநாளும் அவர் பயன்படுத்தப்போவதில்லை. அங்கே எழாத முணுமுணுப்பு பள்ளி வரிக்கு மட்டும் ஏன்?

என்னை இன்றும் அசைப்பது இந்த வாதம்தான். இரக்கத்தைக் கேட்காமல், வரியின் இயல்பையே எடுத்து வைக்கிறார்.

கீழவை ரத்தை நிராகரித்து, 1834 சட்டத்தை வலுப்படுத்தும் திருத்தங்களை ஏற்றது. செனட்டும் இறங்கிவந்தது. சட்டத்தில் கையெழுத்திட்ட ஆளுநர் ஜார்ஜ் வுல்ஃப், ஸ்டீவன்ஸுக்கு எதிர்க்கட்சிக்காரர். ஆனாலும் ஸ்டீவன்ஸ் அதே உரையில் அவரைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். அந்த இலையுதிர் காலத்துத் தேர்தலில் வுல்ஃப் தோற்றார். வென்றவர் ஸ்டீவன்ஸின் கட்சிக்காரரான ஜோசப் ரிட்னர். பள்ளிச் சட்டத்தை அவரும் கைவிடவில்லை.