சங்கத்தின் பழைய ஆண்டறிக்கையை இணையதளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிவது ஏன்?

கோப்பு கெட்டுவிடவில்லை, பயப்படாதீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் தமிழைச் சேமிப்பதே இல்லை. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேடம் போடுகின்றன. பாமினியில் ‘அம்மா’ என்று தட்டச்சு செய்தால் கணினிக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் வேடம் கலைந்துவிடும். யூனிகோடு என்ற உலகப் பொதுக் குறியீட்டு முறையில் தமிழின் அடிப்படை எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் தனித்தனி எண் உண்டு. அதனால் கைபேசியிலும் சரியாகத் தெரியும், தேடலிலும் கிடைக்கும்.

முதலில் கோப்பை வேர்டில் திறந்து, எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற, பழைய எழுத்தை யூனிகோடாக்கும் மாற்றி மென்பொருளில் பாமினி, டிஸ்கி, வானவில் என உங்கள் கோப்புக்குரியதைத் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். தவறான வகையைத் தேர்ந்தால் இன்னும் பெரிய குழப்பம்தான் வரும். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அறிக்கையின் நடுவே ஆங்கிலத்தில் இருக்கும் மின்னஞ்சல் முகவரியையும் அந்த மென்பொருள் தமிழாக்கிவிடும். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் செயலாளரின் முகவரி படிக்கவே முடியாத தமிழாகி, இரண்டு மாதம் அப்படியே கிடந்தது. சந்தா கட்டாதவர்களுக்கு நல்ல சாக்கு! ஆங்கிலப் பகுதிகளை மூலத்திலிருந்து தனியாக எடுத்து ஒட்டுங்கள்.

அச்சுப் பிரதி மட்டுமே இருந்தால், ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்து பாருங்கள். எழுத்துகளைப் பெரும்பாலும் பிரித்தெடுத்துத் தரும். பெயர்களையும் தொகைகளையும் கண்ணால் சரிபார்த்தே ஆக வேண்டும்.