முறை வரும்வரை காத்திருப்பது மடத்தனமா?

அண்ணா,
பிரேக் மாதிரி உயிரோடு விளையாடுகிற இடங்களில் கருவிகள் மணிக்கூட்டைப் பார்த்து, ஒவ்வொன்றும் தனக்கு ஒதுக்கிய முறையில் மட்டும் கதைப்பதுதான் நல்லது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒத்துவரவில்லை. பிரேக்கை மிதித்தால் செய்தி உடனே போக வேண்டாமா? முறை வரும்வரை காத்திருப்பது மடத்தனமில்லையா? எங்கள் இறுதி வருடப் புரொஜெக்ட் மின்சார ஓட்டோ. கருவிகள் எல்லாம் ஒரே வயரில், முறை பார்க்காமல் தேவைப்படும்போது செய்தி அனுப்புகிற கேன் பஸ்தான் போடப் போகிறோம்.
ஒரு வாசகர், உப்புவெளி

தம்பி,
முதலில் கணக்கைப் பாருங்கள். எல்லாக் கருவிகளும் ஒருமுறை கதைத்து முடிக்கிற ஒரு சுற்று 5 மில்லிசெக்கன் என்று வைத்தால் உங்கள் செய்தி ஆகக்கூடியது அவ்வளவுதான் காத்திருக்கும். மணிக்கு 100 கிலோமீற்றரில் போகிற காரே அதற்குள் 14 சென்ரிமீற்றர்தான் நகரும், உங்கள் ஓட்டோ அந்த வேகத்தைக் கனவிலும் காணாது. கேனில் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு எண் உண்டு, ஒன்றாக வந்தால் சிறிய எண் உள்ள செய்திக்கு முதலிடம், மற்றதெல்லாம் பின்னால் நிற்கும். வழி காலியாக இருந்தால் வேகம்தான், மறுக்கவில்லை. ஆனால் எல்லாக் கருவிகளும் ஒன்றாகக் கதைக்க வெளிக்கிடுவது எப்போது? ஏதாவது பிழைத்துப்போகிற நேரத்தில்தானே.

கொட்பேயிலிருந்து போகிற படகுகளில் றேடியோ செற் இருக்கும். ஒருமுறை யாரோ ஒருவரின் மைக் பட்டன் இறுகி நின்றுவிட்டது. அந்தச் சனலில் இரண்டு மணித்தியாலம் அவருடைய இஞ்சின் இரைச்சல் மட்டும்தான், அவருக்கே அது தெரியாது. கேனில் ஒரு கருவி பழுதாகி முதலிட எண்ணோடு இப்படிப் பிதற்றத் தொடங்கினால் பிரேக் செய்தி வாயே திறக்க முடியாது. மணிக்கூட்டைப் பார்த்துக் கதைக்கிற நேரமுறையில் பஸ் கார்டியன் என்று தனியாக ஒரு காவல்காரனை வைக்கலாம், முறையில்லாமல் கதைப்பவரின் வாயை அது அடைத்துவிடும்.

அதைவிடப் பெரிய லாபம் மௌனத்தில் இருக்கிறது. கடலில் நிற்கும்போது என் சித்தப்பா தினமும் பின்னேரம் ஆறு மணிக்குக் கரைக்குக் கூப்பிடுவார். சொல்ல ஒன்றும் இருக்காது, 'மீன் இல்லை' என்பார், அவ்வளவுதான். ஆறேகாலுக்கும் சத்தமில்லை என்றால் சித்தி செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவார். 'ஏதாவதென்றால் மட்டும் கூப்பிடுகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் படகு கவிழ்ந்திருந்தாலும் சித்தி நிம்மதியாகச் சமைத்துக்கொண்டிருந்திருப்பார்! வியன்னாவில் ஹெர்மன் கொபெட்ஸ் குழு உருவாக்கிய டிடிபி என்ற நேரமுறையிலும் இதுதான் கதை, தன் முறையில் பேசாத கருவி போய்விட்டது என்று மற்றவற்றுக்கு உடனுக்குடன் தெரிந்துவிடும். கேனிலும் 'இருக்கிறேன்' என்று இடைக்கிடை செய்தி அனுப்பலாம்தான், ஆனால் அது வராவிட்டால் ஆள் செத்ததா, நெரிசலில் நிற்கிறதா என்று எப்படிச் சொல்வீர்கள்?

சும்மா கிடைக்காது, சரி. எல்லா மணிக்கூடும் ஒத்திருக்க வேண்டும். ஆளுக்கொரு நேரம் சொல்லக்கூடிய ஒரு கள்ள மணிக்கூட்டைச் சமாளிக்கவே மொத்தம் நான்கு தேவை. புதிதாக ஒரு கருவி சேர்த்தால், அதற்கென்று முன்பே இடம் விட்டிருக்காவிட்டால், அட்டவணையைத் திரும்ப எழுத வேண்டும். அதனால்தான் 2006-இல் பிஎம்டபிள்யூ எக்ஸ்5 காருக்கு வந்த ஃபிளெக்ஸ்ரே என்ற வலையமைப்பு ஒரே சுற்றில் ஒதுக்கிய முறைகளையும் மிச்சத்தில் அவசரக்காரருக்கு இடத்தையும் வைத்தது.

உங்கள் ஓட்டோவில் ஹோர்னும் சிக்னல் லைட்டும் கேனிலேயே இருக்கட்டும். பிரேக்குக்கு, கேனின் நேரமுறை வடிவமான டிடிகேன் போட்டுப் பாருங்கள், அதே வயரில் நேர அட்டவணை கிடைக்கும். ஆனால் அந்தத் தரநிர்ணயத்தில் காவல்காரன் இல்லை, ஆகவே மிதித்தால் நேராகப் பிடிக்கிற பழைய பிரேக்கைக் கழற்றிவிடாதீர்கள்.